ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. படிக்காதவர்கள் படிப்பவர்களைப் பார்த்துச் சொல்லும் பழமொழி இது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இதை அடிக்கடி சொல்பவர்கள் படிக்கும் நாமேதான். சென்ற பருவத் தேர்வுக்கு முந்தைய இரவு, "செல் சவ்வின் அமைப்பையும் பணிகளையும் விவரி" என்னும் பத்து மதிப்பெண் வினாவுக்காக விடுதி அறையில் படம் வரைந்து பழகிக்கொண்டிருந்தோம். வட்டத் தலையும் இரட்டை வாலுமாக வரிசை வரிசையாக வரைந்து கை சலித்த தோழி ஒருத்தி, "இந்தத் தலைப்பிரட்டைகளை வரைந்து யாருக்கு என்ன ஆகப் போகிறது?" என்று பென்சிலை வீசினாள். அறையில் இருந்த அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு நான் கண்ட விடையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நாம் படிக்கும் பாடங்களிலேயே நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான பாடம் இந்தச் செல் சவ்வுப் பாடந்தான். அதைத் தேர்வுத்தாளோடு முடித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது நாம் செய்யும் பெருந்தவறு. இதுவே என் கருத்து. கருத்தைச் சொன்னால் போதாது, காரணமும் காட்ட வேண்டும் அல்லவா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா ஆடு மேய்ப்பவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த அப்பத்தாவுக்கு, என் அப்பா பிறப்பதற்கு முன்னே ஓர் ஆண் குழந்தை இருந்தது. உறவு முறையில் எனக்குப் பெரியப்பா. ஆனால் மூன்று வயதைத் தாண்டாத பெரியப்பா. அப்பத்தாவுக்கு ஆண்டுக் கணக்குத் தெரியாது. "அண்ணாத்துரை மந்திரியான வருசம்" என்பார். அதாவது 1967. பிள்ளைக்கு இரண்டு நாள் வாந்தியும் பேதியும். தண்ணீர் கேட்டு அழுதது. "குடுத்தா இன்னும் போகும்" என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். நாக்கு வறண்டு, கண் குழி விழுந்து, மூன்றாம் நாள் விடியலில் பிள்ளை அடங்கிவிட்டது. "ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்பிட்டேன் தாயி" என்று அப்பத்தா இன்றும் சொல்வார். சொல்லும்போது அழமாட்டார். வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் நடுவில் சொல்வார். பிறகு விட்ட பேச்சைத் தொடர்வார்.

அந்தப் பிள்ளையின் குடலில் நடந்தது என்ன? தண்ணீர் கொடுத்திருக்கலாமா, கூடாதா? இதற்கு விடை அந்தத் தலைப்பிரட்டைப் படத்தில்தான் இருக்கிறது.

செல் சவ்வின் தடிப்பு சுமார் 7 முதல் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க வேண்டுமானால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சவ்வுகள் வேண்டும். இத்தனை மெல்லிய பொருளின் அமைப்பை எப்படிக் கண்டறிந்தார்கள்? 1925-ஆம் ஆண்டு கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இரு டச்சு அறிஞர்கள் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதை நீரின் மேல் ஒற்றை மூலக்கூறுத் தடிப்பில் பரப்பினர். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே சவ்வில் கொழுப்பு ஈரடுக்காக உள்ளது என்று முடிவு செய்தனர். அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை. அணுக்களின் பரப்பையும் குறைத்தே மதிப்பிட்டனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, விடை சரியாக வந்துவிட்டது! கணக்குத் தேர்வில் நம்மில் சிலருக்கும் வாய்த்த பேறுதான் இது.

பாஸ்போலிப்பிடு மூலக்கூறின் தலை நீரை விரும்பும். வால்கள் நீரை வெறுக்கும். எனவே தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. இந்த எண்ணெய்ப் படலத்தில் புரதங்கள் மிதக்கின்றன. 1970-இல் பிரை, எடிடின் என்பவர்கள் சுண்டெலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்தபோது, சுமார் நாற்பது நிமிடங்களில் இருவகைப் புரதங்களும் கலந்து போயின. சவ்வு உறைந்த சுவராக இருந்தால் இது நடக்குமா? 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட புளூயிட் மொசைக் மாதிரி இவற்றையெல்லாம் ஒன்றாக்கிக் காட்டியது. நாம் தேர்வில் வரையும் படம் அதுதான்.

எண்ணெய்ப் படலத்தின் வழியே ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் எளிதாக விரவிச் செல்லும். மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனியோ, பெரிய மூலக்கூறான குளுக்கோஸோ அப்படிப் போக முடியாது. அவற்றுக்குப் புரதங்களே வாயில்கள். நீருக்கும்கூடத் தனி வாயில் இருப்பதைப் பீட்டர் ஆக்ரே 1992-இல் நிறுவினார். 2003-இல் நோபல் பரிசு பெற்றார். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போவதற்கு ஆற்றல் தேவையில்லை. மேட்டை நோக்கித் தள்ளுவதற்குத்தான் ஆற்றல் வேண்டும். ஜென்ஸ் ஸ்கூ என்னும் டென்மார்க் அறிஞர் 1957-இல் கண்டறிந்த சோடியம்-பொட்டாசியம் பம்பு இவ்வகையைச் சேர்ந்தது. ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும்.

இனிக் குடலுக்கு வருவோம். சிறுகுடலின் உட்புறச் செல்களில், குடல்வெளியைப் பார்த்த பக்கத்தில் ஒரு வாயில் உண்டு. அது விந்தையான வாயில். சோடியம் தனியாக வந்தாலும் திறக்காது. குளுக்கோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். சோடியத்துக்கு உள்ளே போவது இறக்கத்தில் இறங்குவது போல. அந்த வேகத்தில் குளுக்கோஸையும் இழுத்துச் செல்கிறது. செல்லின் மறுபக்கத்தில் பம்பு சோடியத்தை வெளியேற்றுகிறது. குளுக்கோஸ் வேறொரு வாயில் வழியே இரத்தத்தை அடைகிறது. உப்பும் சர்க்கரையும் போன வழியில், சவ்வூடு பரவலால் நீரும் பின்தொடர்கிறது. இந்தக் கூட்டுக் கடத்தலை ராபர்ட் கிரேன் 1960-ஆம் ஆண்டு பிராக் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் விளக்கினார். நாம் தனித்தனித் தலைப்பில் மனப்பாடம் செய்யும் கடத்தல் முறைகள் அனைத்தும் இந்த ஒரே செல்லில் ஒன்றாக வேலை செய்வதைக் காண்க.

காலரா நோயில் என்ன ஆகிறது? காலராக் கிருமி வெளியிடும் நச்சே பேதிக்குக் காரணம் என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் நம் நாட்டு அறிஞர் மெய்ப்பித்தார். அந்த நச்சு குடல் செல்களின் குளோரைடு வாயிலைத் திறந்தே இருக்கச் செய்துவிடுகிறது. குளோரைடு குடல்வெளிக்குக் கொட்டுகிறது. சோடியமும் நீரும் அதன் பின்னால் ஓடுகின்றன. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறிவிடும். கிருமி கொல்வதற்கு முன் வறட்சி கொன்றுவிடுகிறது. ஆனால் இங்கேதான் வியப்பு! குளோரைடு வாயில் கெட்டுப் போனாலும், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் அந்த மற்ற வாயில் கெடுவதில்லை. வெறும் தண்ணீரைக் குடித்தால் போதிய அளவு உட்செல்லாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடித்தால், பேதி போய்க்கொண்டிருக்கும்போதே உடல் நீரை உறிஞ்சும்.

இதைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்தது. இதை அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது? தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அறுபதாண்டு கழித்துச் சொல்வது ஆறுதலா, கொடுமையா?

ஆகவே முதலில் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். 1953-இலேயே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் கல்கத்தா மருத்துவர், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தியதை லான்செட் இதழில் எழுதியிருந்தார். மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960-இல் கிரேன் வாயிலின் இரகசியத்தைச் சொன்னார். டாக்கா நகரில் டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் ஆகிய மருத்துவர்கள் குடிக்கும் கரைசலைச் சோதித்து முடிவை வெளியிட்டது 1968-இல். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், ஊசி வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் பீப்பாய்களில் இக்கரைசலைக் கலந்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கச் செய்தார். முப்பது விழுக்காடு வரை இருந்த சாவு, கரைசல் குடித்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 1978-இல் அதே லான்செட் இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கக்கூடும் என்று எழுதியது.

எங்கள் வீட்டுப் பிள்ளை இறந்தது 1967-இல். அப்போது விடை ஏட்டில் இருந்தது. ஊருக்கு வரவில்லை. அப்பத்தா அறியாமல் செய்தது தவறன்று. அவரிடம் யாரும் கொண்டுவந்து சேர்க்காததே தவறு. இந்த ஒரு வரியைச் சொல்லும் துணிவு வந்த பின்தான், பொங்கல் விடுமுறையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய பெரிய டாக்டர்களே அதற்கடுத்த ஆண்டுதான் சோதித்துப் பார்த்தார்கள் என்றேன். அப்பத்தா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியே போதுமா?" என்று கேட்டார். அரிசி மாவுப்பொருளும் குடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ஆகவே, "அதுவும் உதவும் அப்பத்தா" என்றேன். எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார்.

"நோய்க்கு மருந்து சொல்வது மருத்துவர் வேலை, நாம் அறிவியலை அறிவியலுக்காகவே படிக்க வேண்டும்" என்று சிலர் கூறலாம். அறிவியலை அறிவியலுக்காகப் படிப்பதை நான் குறை கூறவில்லை. கிரேன் பேதிக்கு மருந்து தேடியவர் அல்லர். குடல் சர்க்கரையை எப்படி உறிஞ்சுகிறது என்றுதான் ஆராய்ந்தார். ஆனால் அவர் கண்டது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேர வேறு பலர் நடக்க வேண்டியிருந்தது. ஏடு தானாக நடக்காது.

"படிக்காதவர்கள் நம் பேச்சைக் கேட்கமாட்டார்கள்" என்பது இன்னொரு தடை. இது ஓரளவு உண்மை. சென்ற கோடையில் எதிர் வீட்டு அக்காவின் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பேதி கண்டது. தண்ணீரை நிறுத்திவிட்டு, கடையில் விற்கும் இனிப்பான பானம் ஒன்றை வாங்கிப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்ளும், பேதி கூடும். இதுவும் சவ்வூடு பரவல்தான். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி நாம் செய்யும் அதே சோதனை. இந்தக் காரணத்தால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002-இல் தங்கள் கரைசலில் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தன. உரிய அளவில்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்படக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. நான் பானத்தை நிறுத்தச் சொல்லி, உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம் என்றேன். அக்காவின் மாமியார், "ரெண்டெழுத்துப் படிச்சிட்டு வந்து எங்களுக்குச் சொல்றியாக்கும்" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது. "குடுங்கடி. நான் குடுக்காமத்தான் ஒண்ண வாரிக் குடுத்தேன்."

அதற்கு மேல் யாரும் மறுக்கவில்லை. கரண்டி கரண்டியாகப் புகட்டினோம். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம் என்றேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனபோது, கரைசல் பொட்டலங்களும் துத்தநாக மாத்திரையும் கொடுத்தனுப்பினார்கள். குழந்தை இப்போது தெருவில் ஓடுகிறது.

சவ்வு எல்லாரையும் உள்ளே விடாது என்று படித்தோம். குளுக்கோஸ் தனியாக வந்தால் கதவு திறவாது. என் படிப்பும் அன்று தனியாகத்தான் போய் நின்றது. அப்பத்தாவின் சொல்லோடு சேர்ந்தபோதுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. நம் வீட்டுப் பெரியவர்களைத் தள்ளிவைத்துவிட்டு ஊரைத் திருத்தப் புறப்படுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் தந்த கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் இறக்கின்றனர். பல சிற்றூர்களில் இன்னமும் பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம் என்று நம்புகிறார்கள். குழந்தை மயங்கிக் கிடந்தாலும், குடிக்க இயலாவிட்டாலும், சிறுநீர் வற்றினாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்நிலையே வராமல் காக்கக்கூடியது ஒரு பொட்டலக் கரைசல். பொட்டலம் கிடைக்காத இரவில், கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு கூடிவிடக் கூடாது என்பது முக்கியம்.

ஆதலால் நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செல் உயிரியலில் சவ்வைப் படிக்கிறோம்; உடலியலில் குடலைப் படிக்கிறோம்; இரண்டுக்கும் இடையே அந்தப் பொட்டலத்தைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை. "சவ்வின் பணிகளை விவரி" என்று கேட்கும் இடத்தில், "பேதி கண்ட குழந்தைக்கு வெறும் நீரைவிட உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஏன் நல்லது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தவர் திணறுவார். புரிந்துகொண்டவர் இரண்டு பக்கம் எழுதுவார். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்யும் நாம், ஒரு மாலைப் பொழுதில் ஒரு குடம் நீரோடு தெருவில் அமர்ந்து இக்கரைசலைக் கலந்து காட்டலாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். நாம் ஊருக்குப் போகும்போது என்ன கொண்டுவந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. மதிப்பெண் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். கேட்காவிட்டாலும் கொண்டுபோக வேண்டியது நம் கடமை.

பென்சிலை வீசிய தோழிக்கு இக்கட்டுரையை முதலில் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல், அந்தக் கரைசலின் அளவுகளைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவளுடைய அக்காவுக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது.